உயிர்த்த நேரத்தைத் தேடிய என் கணவருக்கு

என் அன்பு ஜெபராஜுக்கு,

முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு தரம்கூட உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏங்க" என்றால் திரும்புவீர்கள். இப்போது பேரை எழுதவே கை கூசுகிறது. ஆனால் இந்தக் கடிதத்தை நம் சபை மலரில் போடச் சொல்லியிருக்கிறேன். யாருக்கு எழுதுகிறேன் என்று படிக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டுமே.

நீங்கள் போய் ஆறு மாதமாகிறது. நம் மகள் ஷைனி என்னைக் கேளம்பாக்கத்துக்கு அழைத்துப் போனாள். அவளுடைய பதினோராவது மாடி வீட்டில் பத்து நாள் இருந்து பார்த்தேன், இருப்புக்கொள்ளவில்லை. செங்கல்பட்டுக்குத் திரும்பி வந்தேன், இங்கேயும் அப்படித்தான். கேஸை அணைத்தேனா என்று மூன்று தரம் எழுந்து போய்ப் பார்க்கிறேன். பாதி துவைத்த துணியை விட்டுவிட்டு வாசலுக்கு வந்து நிற்கிறேன். துக்கம் இப்படியா இருக்கும்? இது வேறு என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். அணுமின் நிலையத்தில் முப்பது வருஷம் ஷிப்ட் பார்த்தவர் நீங்கள். எது நடந்தாலும் மணியும் நிமிஷமும் போட்டுப் பதிவேட்டில் எழுதுவது உங்கள் வேலை. ரிட்டையர் ஆன பிறகு சபையில் பெரியவர்களுக்கான வேதபாட வகுப்பை உங்களிடம் கொடுத்தார்கள். அந்த வகுப்புக்காகத்தான் வாரம் முழுக்க உயிரோடிருந்தீர்கள் என்றுகூடச் சொல்வேன்.

அப்புறம் ஒரு வருஷம், ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலத்தில், ஷேர் ஆட்டோ ஓட்டும் மோசஸ் கை தூக்கினார்.

"அண்ணாத்த, ஒரு டவுட்டு. மூணு ராவு மூணு பகல் பூமிக்குள்ள இருப்பேன்னு ஆண்டவரே சொல்லிகீறாரு. வெள்ளிக்கெழம சாயங்காலம் கல்லறைல வெச்சாங்க. ஞாயித்துக்கெழம காலீல காணோம். ரெண்டு ராவுதானே வருது? இன்னொரு ராவு எங்க போச்சு?"

எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. "அடுத்த வாரம் சொல்றேன் மோசஸ்" என்றீர்கள்.

அன்றைக்கே நம் சாப்பாட்டு மேஜையில் ஒரு சார்ட் பேப்பர் விரிந்தது. நான்கு சுவிசேஷத்துக்கும் நான்கு கட்டம். யோவான், பெண்கள் கல்லறைக்கு வந்தபோது இருட்டு என்கிறார். மாற்கு, சூரியன் உதித்துவிட்டது என்கிறார். "நாலு பேரும் வெறுங்கல்லறையத்தான் பாத்திருக்காங்க, எஸ்தரு. எழுந்த நேரத்த ஒருத்தரும் எழுதல" என்றீர்கள். வாரக்கணக்கில் நாம் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டோம்.

கடைசியில் வகுப்பில் உங்கள் முடிவைச் சொன்னீர்கள். யூதருக்கு நாள் தொடங்குவது சூரியன் மறையும்போது. மூன்று இரவும் மூன்று பகலும் முழுசாக வேண்டுமென்றால், புதன் சாயங்காலம் அடக்கம், சனி சாயங்காலம் உயிர்ப்பு. ஞாயிறு விடியும்போது கல்லறை காலியாகிப் பல மணி நேரம் ஆகியிருக்கும்.

"டேய் ஜெபா! பெரிய வெள்ளியையும் ஈஸ்டரையும் ஒரே அடியா தூக்கிட்டியேடா!" என்று கத்தியவர் ராஜமாணிக்கம் அண்ணன். உங்களோடு ஒரே ஷிப்டில் இருபது வருஷம் வேலை பார்த்தவர், உங்கள் ஒரே சிநேகிதர். வகுப்பில் மேஜையைத் தட்டிச் சண்டை போடுவீர்கள். முடிந்ததும் இரண்டு பேரும் ஒரே வண்டியில் டீக்கடைக்குப் போவீர்கள். அதை எப்படி நான் புரிந்துகொள்ளாமல் போனேன்?

எனக்குப் புரிந்ததெல்லாம் மற்றவர்கள் பேச்சுதான். இரண்டு குடும்பத்தார் சபையை விட்டு, திருப்போரூர்ப் பக்கம் சனிக்கிழமை கூடுகிற சபைக்குப் போனார்கள். பாடகர் குழுவில் ஒருத்தி, "இன்னாக்கா, உங்க வூட்டுக்காரரு ஈஸ்டரையே மாத்திட்டாராமே?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். நீங்களோ தூக்கத்தை விட்டிருந்தீர்கள். உங்களுக்கு ரத்தக் கொதிப்பு வேறு.

ஒரு செவ்வாய்க்கிழமை, மார்க்கெட்டுக்குப் போகிறேன் என்று உங்களிடம் சொல்லிவிட்டு நம் சபை ஆயர் வீட்டுக்குப் போனேன். "அந்த வகுப்ப அவர்கிட்டருந்து எடுத்துடுங்கய்யா. நான் வந்தேன்னு மட்டும் அவருக்குத் தெரிய வேணாம்" என்றேன்.

இதுதான். உங்கள் வகுப்பைப் பறித்தது நான். எழுதிவிட்டேன்.

உங்கள் உடம்புக்காகத்தான் செய்தேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி, அந்தப் பாடகர் குழுப் பெண்ணின் சிரிப்பு.

புதியவர்களுக்கு வாய்ப்புத் தரவேண்டும் என்று காரணம் சொல்லி ஆயர் வகுப்பை மாற்றினார். நீங்கள் நம்பவில்லை. உங்களை எதிர்த்துப் பேசியவர் ராஜமாணிக்கம் அண்ணன்; ஆகவே போய்ச் சொன்னவரும் அவர்தான் என்று முடிவு கட்டினீர்கள். "என் பொணத்துக்குக்கூட அவன் வரக்கூடாது" என்று நீங்கள் சொன்னபோது நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். நறுக்கிக்கொண்டேதான் இருந்தேன். வாயைத் திறக்க ஒரு நிமிஷம் போதும். மூன்று வருஷம் போயிற்று.

அந்த மூன்று வருஷமும் ஈஸ்டரை நாம் தனித்தனியாகக் கொண்டாடினோம். நான் ஞாயிறு விடியற்காலை சபை வேனில் மாமல்லபுரம் கடற்கரைக்கு, சூரியோதய ஆராதனைக்குப் போனேன். நீங்கள் சனிக்கிழமை சாயங்காலமே தனியாக பஸ் ஏறி, சதுரங்கப்பட்டினம் கடற்கரையில் போய் உட்கார்ந்துவிட்டு வந்தீர்கள். என்ன செய்தீர்கள் என்று கேட்டால், "ஜெபம் பண்ணேன்" என்பீர்கள். அதற்குமேல் நான் கேட்டதில்லை. பயம்.

போன மழைக்காலத்தில், குளித்துவிட்டு வந்து சட்டை மாட்டும்போது விழுந்தீர்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அடக்கத்தன்று ராஜமாணிக்கம் அண்ணன் கல்லறைத் தோட்டத்து கேட்டுக்கு வெளியே மழையில் நின்றார். நீங்கள் சொன்னது அவர் காதுக்கும் போயிருந்தது. உள்ளே வாங்க என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

மூன்றாம் நாள் உங்களைப் பார்க்க நடந்தே வந்தேன். அம்மா இருட்டிலேயே கிளம்பிவிட்டாள் என்று ஷைனி எல்லோரிடமும் சொல்கிறாள். வாட்ச்மேனோ, நன்றாக விடிந்த பிறகுதான் வந்தேன் என்கிறார். இரண்டு பேர் சொல்வதும் சரிதான். கிளம்பினபோது இருட்டு, வந்து சேர்ந்தபோது வெயில். வழியில் எத்தனை தரம் நின்றேன் என்று எனக்கே தெரியாது. ஆண்டவருடைய கல்லறைக்குப் போன அந்தப் பெண்களும் அப்படித்தான் நின்று நின்று போயிருப்பார்களோ? உங்கள் சார்ட் பேப்பரில் இதற்கு ஒரு கட்டம் இருந்ததா? உங்களிடம் சொல்லியிருந்தால், "எத்தனை மணிக்குக் கிளம்புன?" என்றுதான் முதலில் கேட்டிருப்பீர்கள்.

இந்த ஈஸ்டருக்கு இரண்டு இடத்துக்கும் போனேன். சனிக்கிழமை சதுரங்கப்பட்டினத்தில் சூரியன் மறையும்வரை மணலில் உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் தோன்றவில்லை. ஞாயிறு மாமல்லபுரத்தில் பாடகர் குழுவில் நின்றேன்; முதல் பாட்டிலேயே குரல் வரவில்லை. பாட்டுப் புத்தகத்தைப் பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்துவிட்டு, கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனேன். கட்டுமரங்கள் கிடக்கிற பக்கம் ராஜமாணிக்கம் அண்ணன் தனியாக நின்றிருந்தார்.

"அண்ணே, ஆயர்கிட்ட போய்ச் சொன்னது நான்தான்" என்றேன்.

அவர் கடலையே பார்த்தார். "தெரியும் தங்கச்சி" என்றார்.

எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

"அப்பவே தெரியும். ஆயரு கூப்ட்டு, எஸ்தரு அழுவுது, இன்னா பண்லாம்னு என்னாண்டதான் கேட்டாரு."

"அவர்கிட்ட சொல்லியிருக்கலாமே அண்ணே?"

"எப்டிம்மா சொல்றது? நா வேணாம்னா அவனுக்கு டீக்கடைல வேற ஆளு கெடைக்கும். நீ இல்லன்னா வூட்ல யாரு கீறா அவனுக்கு? ஆனா ஒண்ணு. நீயா வந்து சொல்லுவேன்னு காத்துகினு இருந்தேன். மூணு வருஷம். அவன அடக்கம் பண்ண அன்னிக்குக்கூட தோட்டத்து கேட்டாண்ட நின்னு உன்னியேதான் பாத்துகினு இருந்தேன்."

அவர் என்னை மன்னித்ததாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் தன் வேதாகமத்தைத் திறந்து, நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தார்.

"அவன் சொன்னது தப்பும்மா. அந்தக் காலத்துல நாள்ல கொஞ்சம் இருந்தாலும் முழு நாளாத்தான் எண்ணுவாங்க. வேதத்துல எஸ்தர் ராஜாத்தி இன்னா சொல்லுச்சு? மூணு நாளு ராவும் பகலும் உபவாசம்னுச்சு. மூணாம் நாளே ராஜாவப் பாக்கப் போயிடுச்சே! அவன் வூட்லயே, பொண்டாட்டி பேர்லயே பதில வெச்சிகினு புதன்கெழமைக்குப் போயிட்டான் பைத்தியக்காரன்." தாளைப் பிரித்து என் பக்கம் நீட்டினார். "இத எழுதி வெச்சிகினு, எப்ப பேசுவான், எப்ப சண்ட போடலாம்னு இருந்தேன்."

வெயில் ஏறும்வரை இரண்டு பேரும் அழுதோம். வேனில் எல்லோரும் எனக்காகக் காத்திருந்தார்கள். நம் ஆயர் இறங்கி வந்தார். அவரிடம் ஒன்று கேட்டேன். யோசித்தார், பிறகு சரி என்றார்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் உங்கள் வகுப்பு ஒரே ஒரு நாள் நடக்கும். மோசஸ் தம்பியிடம் சொல்லிவிட்டேன், சவாரியை விட்டுவிட்டு வருகிறேன் என்றார். ராஜமாணிக்கம் அண்ணன் தன் தாளை வாசிப்பார். எனக்கும் அவர் பக்கம்தான் சரியென்று படுகிறது. உங்களிடம் மறைக்க இனி ஒன்றுமில்லை. ஆனால் உங்கள் பக்கத்தைப் பேச அங்கே ஆள் இல்லையே. நான்தான் பேசப்போகிறேன். புதனையும் சனியையும், நான்கு கட்டத்தையும், நீங்கள் எழுதிவைத்தபடியே, ஒரு வரிகூட விடாமல், குரல் தாழாமல் வாசிப்பேன். யார் சிரித்தாலும் நிறுத்த மாட்டேன். இது என் வாக்கு.

உங்கள் மனைவியாகவே இருக்கிற,
எஸ்தர்