விரிசலில் ஒட்டிய தாள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. கடவுள் கிருபையால் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும்.

மூன்று வாரம் முன்பு எழுதிய கடிதத்துக்கு நீ ஏன் பதில் போடவில்லை என்று இன்றுதான் தெரிந்தது. அப்பா பொறுப்பில் இருக்கும் தபால் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்திருக்கும் பழைய தபால்பெட்டியை நிஜம் என்று நினைத்துச் சிலர் கடிதம் போட்டுவிடுவார்கள். மாதக் கடைசியில் அவற்றை எடுத்து அஞ்சலகத்தில் சேர்ப்பது என் வேலை. இன்று ஒரே ஓர் உறை கிடந்தது. என் கையெழுத்து. அப்பாவிடம் போடச் சொல்லிக் கொடுத்தது.

கேட்டேன். "நாப்பது வருஷம் தபால் ஆபீஸ்ல குப்பை கொட்டினவனுக்கு மறதி வரக் கூடாதா?" என்று சிரித்தார். ஒரு கடிதத்தையும் அவர் மறந்து நான் பார்த்ததில்லை.

அதில் எழுதியதையும் அதற்குப் பிறகு நடந்ததையும் சேர்த்து எழுதுகிறேன். அருங்காட்சியகத்தின் பெரிய கூடத்துச் சுவரில் ஒரு விரிசல். தபால்தலைத் தாளின் பசை ஓரத்தைக் கிழித்து, அதன் குறுக்கே ஒட்டி, அப்பா தேதி போடுவார். சுவர் நகர்ந்தால் தாள் கிழியும். பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் குறித்து வருகிறேன். முதல் தாள் ஏழு மாதம் தாங்கியது. அடுத்தது இரண்டு மாதம். பிறகு பதினொரு நாள், நான்கு நாள். நேற்றுக் காலை ஒட்டியது விளக்கு வைக்கும் நேரத்தில் இரண்டாகத் தொங்கியது. இன்று ஒட்டியதைப் பார்க்க முடியவில்லை. அதன்மேல் பழைய வரைபடம் ஒன்றை மாட்டிவிட்டார்.

மேலிடத்துக்கு எழுதுங்கள் என்றால், "எழுதினா மறுநாளே பூட்டு போட்டுடுவாங்க. நூறு வருஷமா நிக்கிற கட்டடம் உன் நோட்டுக்குப் பயந்தா விழப்போகுது?" என்கிறார். வரும் வியாழக்கிழமை உன் பள்ளிப் பிள்ளைகள் வருவதற்காகப் பெயர்ப்பலகைக்கு வர்ணம்கூட அடித்தாயிற்று.

தொலைபேசி அவர் மேசையில். அதனால் இதை நானே நடந்துபோய்ச் சேர்க்கிறேன். இன்று வெள்ளி, திங்களுக்குள் வந்துவிடும்.

கண்ணு, அந்த முப்பத்தெட்டுப் பிள்ளைகளையும் கூட்டி வராதே. அப்பா கேட்டால் உனக்குக் காய்ச்சல் என்று சொல். உன்னைப் பொய் சொல்லச் சொல்வது இதுதான் முதல் தடவை. அந்தப் பாவத்தை என் கணக்கில் எழுதிக்கொள்ளச் சொல்லிக் கடவுளிடம் வேண்டிக்கொண்டேன்.

என்னை உடனே அங்கே வரச் சொல்வாய், தெரியும். ஆனால் வியாழக்கிழமை அப்பா கதவைத் திறந்துவைத்து, அந்தச் சுவருக்கடியில்தான் நாற்காலி போட்டுக் காத்திருப்பார். அவரைத் தனியே எப்படி விடுவேன்?

நீ நீடூழி வாழ வேண்டும், தாயே. அன்றைக்கு அந்தக் கூடத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கும்படி பார்த்துக்கொள்.

உன் அம்மா