ராமுத்தாய் ஏன் காலில் விழுந்தாள்?

சின்னமனூர்,
14–6–1938

அன்புள்ள முத்துப்பேச்சிக்கு, சங்கிலி எழுதிக்கொண்டது. இங்கே நான் நலம். நீ நலமா என்று கேட்க இன்று மனமில்லை. உன் மேல் அவ்வளவு கோபமாக இருக்கிறேன்.

முந்தாநாள் தேனிக் கொட்டகையில் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் கம்பெனி நாடகம் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பலகையில் உட்கார்ந்து படித்தவள், இன்று நான் எழுதிய நாவலில் கதாநாயகியாக நடிக்கிறாள் என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ராமுத்தாயைப் புருஷன் அடித்து விரட்டியதும், அவள் மலையடிவாரத்தில் குத்தகைக்கு நிலம் பிடித்துப் பாடுபட்டதும் நான் எழுதியபடியே வந்தன. நீ அழுதபோது நானும் அழுதேன். கடைசியில் அவன் வந்து வாசலில் நின்று கூப்பிடுகிறான். புத்தகத்தில் அவள், "இது என் வீடு. நான் வரலை" என்று கதவைச் சாத்துகிறாள். நீ ஓடிப்போய் அவன் காலில் விழுந்தாய்.

அடுப்புக்கும் தொட்டிலுக்கும் நடுவே மூன்று வருஷம் எழுதியவளை ஒரு நொடியில் கவிழ்த்துவிட்டாய். கம்பம் ஊரில் நடிக்கும்போது அப்படி விழாதே. விழுவதானால் இனி எனக்குக் கடிதம் போடாதே.

உன்
சங்கிலி


உத்தமபாளையம் முகாம்,
19–6–1938

என் கோபக்காரச் சங்கிலிக்கு, பேச்சி கோடி அன்புடன் எழுதுவது. உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு வேளை சாப்பிடவில்லை. அடுத்த வேளை இரண்டு பங்கு சாப்பிட்டேன். நாடகக்காரிக்கு அவ்வளவு துக்கம்தான் கட்டுப்படியாகும்.

நான் ஆசைப்பட்டா விழுந்தேன்? ஒத்திகையில் நீ எழுதியதைத்தான் பேசினேன். எங்கள் ஞானசிகாமணி வாத்தியார் ஆர்மோனியத்தை மூடிவிட்டார். "சோடி சேராம எப்படி மங்களம் பாடுறது? ஒத்தைப் பொம்பளைய நிறுத்திக் கற்பூரம் காட்டுனா, மழை இல்லாமப் போச்சுன்னு ஊர்க்காரக நம்மளத்தான் அடிப்பாக" என்றார். எங்கள் தொழிலில் மங்களம் பாடாமல் நாடகம் முடியாது. ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் சேர்ந்து நிற்காமல் மங்களமும் கிடையாது. கதை செத்தாலும் சோடி நின்றாக வேண்டும்.

நானும் விடவில்லை. "எழுதுனவகளைக் கேக்காம மாத்தலாமா?" என்றேன். பெட்டியைத் திறந்து ஒரு தாளைக் காட்டினார். முடிவை மாற்றிக்கொள்ளச் சம்மதம் என்று உன் வீட்டுக்காரர் வைகுண்டராஜ் கையெழுத்துப் போட்டிருக்கிறார். புத்தக அட்டையில் இருப்பது அவர் பெயர்தானே, சங்கிலி. அதை அங்கே போட்டது யார்?

தெருவில் போகிறவன் எல்லாம் என்னைக் கூத்தாடிச்சி என்கிறான். அப்படியும் நோட்டீசில் என் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டுக்கொண்டுதான் மேடை ஏறுகிறேன். நீ வீட்டுக்குள் ஒளிந்துகொண்டு என்னைத் தனியே நில் என்கிறாய். கோபித்துக்கொள், பரவாயில்லை. கொஞ்சம் யோசிக்கவும் செய்.

உன்
பேச்சி


சின்னமனூர்,
24–6–1938

அன்புள்ள பேச்சிக்கு,

இரண்டு நாள் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் வீட்டுக்காரரின் மண்டிக்கே போய்க் கேட்டேன். ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டு, "ஆமா, போட்டேன். புருசன் கூப்பிட்டும் வராதவள எம் பேர்ல எப்படி மேடையேத்துறது? மண்டிக்கு வர்றவக என்னைய என்ன நினைப்பாக?" என்றார். சொல்வதைப் பார்த்தால், தானே எழுதியதாக நம்பத் தொடங்கிவிட்டார் போலிருக்கிறது.

அவரை மட்டும் ஏசி எழுத ஆசைதான். ஆனால் உன்னிடம் பொய் சொல்ல முடியாது. தன் பெயரைப் போடச் சொல்லி அவர் என்னைக் கேட்கவில்லை. மதுரை அச்சாபீசுக்கு எழுதிய தாள்களை அனுப்பியபோது நானேதான் அவர் பெயரை எழுதினேன். ஒரு பெண் எழுதியது என்று தெரிந்தால் ஊரே என் ஒழுக்கத்தை அளக்கக் கிளம்பும் என்று பயந்தேன். ராமுத்தாயை அத்தனை துணிச்சலாக எழுதிவிட்டு, அட்டைக்கு வந்ததும் ஒளிந்துகொண்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

உனக்குக் கட்டளையிட எனக்கு என்ன உரிமை? விழுவதும் நிற்பதும் உன் இஷ்டம். கடிதம் மட்டும் போடு.

உன்
சங்கிலி


கம்பம் முகாம்,
5–7–1938

சங்கிலி,

விழவில்லை.

உரிமை இல்லை என்று எழுதினாயே, அதைப் படித்த பிறகு எனக்கு முழங்கால் மடங்க மறுத்துவிட்டது. ராஜபார்ட் வாசலில் நின்று கையை நீட்டினார். "இது என் வீடு. நான் வரலை" என்று கதவைச் சாத்தினேன். பாவம், அடுத்த வசனம் தெரியாமல் மறுபடியும் கூப்பிட்டார். ஆண்கள் பக்கத்தில் ஒருவர், "ஏத்தா, புருசன் கூப்பிடுறான்ல, போ" என்றார். தட்டி மறைப்புக்கு இப்பால், பெண்கள் பக்கத்திலிருந்து அம்சத் பீவி என்று ஒரு அம்மா, "அம்புட்டு இரக்கமா இருந்தா நீங்க கூட்டிட்டுப் போங்க" என்றார். கொட்டகை சிரித்து அடங்க வெகுநேரம் ஆயிற்று.

வாத்தியார் ஆர்மோனியத்தை விட்டு எழுந்து போய்விட்டார். ஒற்றையாக நின்று நானே மங்களம் பாடினேன். சுருதி எங்கெங்கோ போனது. பெண்கள் ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. மறுநாள் இங்கே நல்ல மழை. வாத்தியார் மழையைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், மறுபடி மழையைப் பார்க்கிறார்.

இனி உனக்குப் பிடிக்காத செய்தி. கைதட்டல் கேட்டுத் திரும்பி வந்த வாத்தியாரிடம், எழுதியது யார் என்று கூட்டம் கேட்டது. அவர் அட்டையைப் பார்த்து உன் வீட்டுக்காரர் பெயரை வாசித்தார். "பொம்பளை மனசை இம்புட்டு அறிஞ்ச ஆம்பளையா" என்று மெச்சினார்கள். ஆடி முதல் சனிக்கிழமை எங்கள் குச்சனூர் நாடகத்தில் மங்களத்துக்கு முன்னால் அவருக்கு மேடையில் மாலை போடப்போகிறார்கள். உன் பெயர் என் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. அது நீ சொல்ல வேண்டியது.

உன்
பேச்சி


சின்னமனூர்,
20–7–1938

அன்புள்ள பேச்சிக்கு,

மாலைச் செய்தி வந்ததிலிருந்து வீட்டில் ஒரே தடபுடல். அவர் புது அங்கவஸ்திரம் எடுத்துவிட்டார். முடிவை மாற்றச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டவர், மாற்றாத முடிவுக்கு மாலை வாங்கப் போகிறார். நான் பொறுக்கவில்லை. "அது எனக்கு வரவேண்டிய மாலை. நான் மேடையேறிச் சொல்லப்போறேன்" என்றேன்.

முதலில் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்துவிட்டு, "மேடை ஏறுனேன்னா இந்த வீட்டுப் பக்கம் திரும்பி வந்துராத" என்றார். மகள் என் மடியில் இருந்தாள். "சரி" என்றேன். நான் அழுவேன் என்று காத்திருந்தவர், செருப்பை மாட்டிக்கொண்டு மண்டிக்குக் கிளம்பிவிட்டார்.

பயமாகத்தான் இருக்கிறது. ராமுத்தாயை வெளியே அனுப்ப எனக்கு ஒரு வரி போதுமாக இருந்தது. எனக்கோ ஒரு பிள்ளை, ஒரு டிரங்குப் பெட்டி, குச்சனூர் வரை வண்டிப் பயணம், அதற்குப் பிறகு எங்கே என்று தெரியாது. ஆனாலும் இனி என்னால் திரும்பிப் போய் ஒளிந்துகொள்ள முடியாது, பேச்சி. புத்தகம் என்னுடையது.

சனிக்கிழமை வருகிறேன். அவர் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். அவர் முகத்தைப் பார்த்தே சொல்லப்போகிறேன். நான் பேசி முடிக்கும்வரை ஆர்மோனியத்தைத் தொட வேண்டாம் என்று வாத்தியாரிடம் சொல்லிவை.

இப்படிக்கு,
'ராமுத்தாய்' நாவலை எழுதிய
சங்கிலியம்மாள்