வண்டியை ஓட்டினது யார்

ஜூலை 12, சனி

சுண்டு, காலையிலிருந்து சாரல். கொடியில் கிடக்கும் உன் லுங்கி காயவே இல்லை. எடுத்து மடிக்கவும் மனசில்லை. ஒன்பது நாளாக அப்படியே கிடக்கிறது.

இந்த டைரி உன் பரோட்டாக் கடை அண்ணாச்சி புது வருசத்துக்கு உனக்குக் கொடுத்தது. ஒரு பக்கம்கூட நீ எழுதவில்லை. உன் அம்மா படித்தது அஞ்சாம் கிளாஸ்தான். தப்பு இருக்கும். படிக்க ஆள் இல்லை, பரவாயில்லை.

பீடி இலை ஊறப் போட்டேன். சுற்றவில்லை.

இன்று அவன் வந்தான். உன்னோடு கடையில் வேலை பார்த்த அசாம்காரன், பிதுல். ஊரே அவனை நேபாளி என்றுதான் சொல்கிறது. சின்னக் கண், சப்பை மூக்கு. வலது கையில் மாவுக்கட்டு. அவ்வளவுதான் அவனுக்கு. ஒரே வண்டியில் போன ரெண்டு பேர். அவனுக்குக் கை, உனக்கு மண்டை. அந்தக் கட்டைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. பிடித்துத் திருகலாம் போல.

முற்றத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். ஒரு மணி நேரம். துக்கத்துக்கு வந்த பெண்கள் அத்தனை பேரும் அவன் மூஞ்சியையே பார்த்தார்கள், அழுகிறானா என்று. அழவில்லை. பக்கத்து வீட்டு வேலம்மா என் காதில் சொன்னாள், அந்த சாதி மனுசருக்குக் கண்ணீர் கிடையாதாம், அவர்கள் ஊர்ப் பக்கம் நாயைத் தின்கிறவர்களாம். நானும் தலையை ஆட்டினேன்.

பிறகு எழுந்தான். என் முன்னால் வந்து, நல்லா இருந்த ஒரு கையை நெஞ்சில் வைத்து, "அம்மா, போயிட்டு வாரேன்" என்றான்.

சாவு வீட்டில்.

யாராவது சொல்வார்களா? பேசாமல் எழுந்து போய்விட வேண்டும். போயிட்டு வாரேன் என்றால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று அர்த்தம். உன் சித்தப்பா அவன் பிடரியைப் பிடித்துவிட்டார்.

"இன்னும் யாரு சாவுக்குலே வரப்போற, நாயே?"

தள்ளிக்கொண்டே வாசல்வரை. மாவுக்கட்டுக் கை கேட்டில் மோதியது. அலறினான். ஒருத்தரும் தடுக்கவில்லை. நானும்தான். வேண்டாம் என்று மனசுக்குள் நினைத்தேன் என்றுகூட எழுத முடியாது. நினைக்கவில்லை.

ராத்திரிச் சாப்பாடு வேலம்மா வீட்டுப் புளிச்சோறு. ரெண்டு வாய்.

ஜூலை 13, ஞாயிறு

வெயில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. உன் சித்தப்பா லீவை நீட்டியிருக்கிறார். ஏட்டையா ஆன பிறகு நடையே மாறிவிட்டது, நம் வீட்டுக்குள் வந்தாலும் ஸ்டேஷனுக்குள் வருகிற மாதிரி.

சங்கதி இது. கேஸ் உன் மேலேயே போட்டிருக்கிறார்கள். வேகமாக ஓட்டி விழுந்தாய் என்று.

"மதினி, செத்த பிள்ளையே குத்தவாளின்னு காயிதத்துல கெடக்கணுமா? அண்ணன் பேரும் சேந்துல்லா கெடக்கும். ஓட்டுனது அந்த நேபாளின்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. வீட்டுல இருந்து கெளம்பும்போது பாத்தது நீங்கதான. நேபாளின்னா எவனும் மறுகேள்வி கேக்க மாட்டான்."

சரி என்றேன். வெள்ளிக்கிழமை போய்ச் சொல்ல வேண்டும். பதினாறாம் நாள் காரியத்துக்கு முந்தின நாள்.

சரி என்று சொன்னது என் வாய்தான். ஆனால் நான் பார்த்தேன், சுண்டு. விடியக்காலம் அஞ்சு மணி. நீ முன்னால், அவன் பின்னால். தென்காசி மார்க்கெட்டில் பல்லாரி வெங்காயம் எடுத்துக்கொண்டு பழைய குற்றாலம் கடைக்குப் போக. ஹெல்மெட் ஆணியில் தொங்கியது. எடுத்துப் போலே என்றேன். தலை நனைந்திருக்கிறது, நாறும் என்றாய்.

மார்க்கெட்டில் இடம் மாறியிருக்கலாம். இருக்கலாம்தானே. மூட்டையை ஏற்றும்போது. கை வலிக்கிறது என்று.

மாறியிருக்க மாட்டாய். அது எனக்குத் தெரியும். உன் சித்தப்பா ஒரு தடவை வண்டியைக் கேட்டதற்கு பெட்ரோல் இல்லை என்று வாய் கூசாமல் பொய் சொன்னாய். அவர் போனதும் சர்ரென்று கிளப்பிக்கொண்டு நீ போனாய். நான் சிரித்தேன்.

ஜூலை 14, திங்கள்

பீடி 300. விரல் வேலை செய்கிறது, தலை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

வேலம்மா வந்து வெள்ளிக்கிழமைக்கு எனக்குத் தைரியம் சொன்னாள். ஒரு நேபாளி உள்ளே போனால் என்ன, பத்து நேபாளி வந்து இறங்குகிறான் என்றாள். அவர்களைப் பற்றி அவளுக்குத் தெரியாததே இல்லை. அவள் சொன்னதையெல்லாம் எழுதி வைக்கிறேன்.

நாய் தின்பான். - யார் பார்த்தது? கேட்டேன். சொல்வார்கள் என்றாள்.

குளிக்க மாட்டான். - பொய். தினமும் அருவியில் குளிக்கிறான், நீயே சொல்லியிருக்கிறாய். நீதான் சீசனில்கூட நாலு நாளைக்கு ஒரு தடவை.

பாக்கு போட்டுத் துப்புவான். - நிஜம். கடையின் பின்சுவர் பூராவும் சிவப்பு. இங்கே துப்புகிறவர்களும் எனக்குத் தெரியும். வேலம்மா புருசனும் ஒன்று.

போனில் கத்திப் பேசுவான். - நிஜம்.

பொய் சொல்வான், திருடுவான். - போன வருசம் நம் தெருவில் மோட்டார் திருடியவன் சுரண்டைக்காரன். அவன் பேரைச் சொல்லித்தான் திட்டினோம், சுரண்டையைத் திட்டவில்லை. நேபாளி ஒருத்தன் திருடினால் மட்டும் பேர் தேவையில்லை.

அழ மாட்டான். - அது நிஜம்தான். நான் பார்த்தேன்.

போய்ச் சேர்ந்த உன் அப்பா பம்பாயில் பதினோரு வருசம் இட்லி விற்றவர். அங்கே மதராசி, கருவாயன். முறை தெரியாதவன், கையால் பிசைந்து முழங்கை வரை நக்குகிறவன் என்பார்களாம். மெட்ராசுக்கு வந்தார். திருநெல்வேலிப் பக்கம் என்றதும் வாடகைக்கு வீடு இல்லை. அருவாளைத் தூக்குகிற ஊர்க்காரனாம். அவருக்குத் தேங்காய் வெட்டவே கை நடுங்கும்.

இதையெல்லாம் எழுதினால் அவன் மேல் இரக்கம் வந்துவிட்டது என்று நினைக்காதே. வரவில்லை. அவன் கட்டிலில் தூங்கி எழுந்திருப்பான் இன்று.

ஜூலை 16, புதன்

மழை. பதினாறாம் நாள் கழியாமல் வாசல் தாண்டக் கூடாது என்றார்கள். தாண்டினேன். குற்றாலம் போனேன். உன் பை கடையில் கிடக்கிறது, எடுத்துவர என்று சொன்னேன். அதுவும் பொய்.

பஸ் பூராவும் குளிக்கப் போகிற கூட்டம். தலையில் எண்ணெய், தோளில் துண்டு. எனக்குப் பக்கத்தில் ஒருத்தி, புளியங்குடியாம், நீங்கள் தனியாகவா குளிக்கப் போகிறீர்கள் என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். திமிர் பிடித்தவள் என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும்.

கடை அண்ணாச்சி என்னைப் பார்த்ததும் கல்லாவை விட்டு எழுந்தார். காப்பி போடச் சொன்னார். வேண்டாம் என்றேன். நீ நின்ற அடுப்பில் வேறு ஒருத்தன் பரோட்டா வீசிக்கொண்டிருந்தான். நல்லாத்தான் வீசுகிறான். அது எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த அசாம்காரன் கடைக்குப் பின்னால் இடது கையால் பல்லாரி உரித்துக்கொண்டிருந்தான். கண் சிவந்து தண்ணீர். பல்லாரிதான் என்று நினைத்தேன். எதிரே போய் நின்றேன்.

"யாருலே ஓட்டுனா?"

"சுண்டு, அம்மா."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அந்தப் பேர் நான் கூப்பிடுகிற பேர். வேறு யாருக்கும் தெரியாது. யார் சொன்னது என்று கேட்டேன். நீங்கள் போனில் பேசினால் அடுப்படி வரைக்கும் கேட்குமே என்றான். போனில் கத்துவது யார் என்று வேலம்மாவிடம் நான் சொல்லியிருக்க வேண்டும்.

தமிழ் நன்றாகவே பேசுகிறான். உன் தமிழ். வந்த புதிதில் முதலாளியை "வாலே அண்ணாச்சி" என்று கூப்பிட வைத்தாயாமே. அண்ணாச்சியே சொன்னார். சொல்லிவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார்.

சாவு வீட்டில் போயிட்டு வாரேன் என்று எப்படிச் சொன்னாய், உங்கள் ஊரில் அப்படியா என்று கேட்டேன். விழித்தான்.

"சுண்டு சொன்னான். யாரு வீட்டுக்குப் போனாலும் போறேன்னு சொல்லக் கூடாது, போயிட்டு வாரேன்னுதான் சொல்லணும். போறேன்னு சொன்னா எங்க அம்ம அடிச்சிரும்னு சொன்னான்."

அடித்திருக்கிறேன். உனக்கு ஆறு வயசு, பள்ளிக்கூடம் புறப்படும்போது "போறேன்" என்றாய். வாயில் ஒன்று போட்டேன். அதை இவனிடம் சொல்லியிருக்கிறாய். சாவு வீட்டுக்கு மட்டும் வேறு முறை என்பதைச் சொல்லவில்லை. உனக்கு எதற்குத் தோன்றும் அது, இருபத்து நாலு வயசில்.

ஊர்க்காரர்கள் பார்த்தார்கள், முறை தெரியாத காட்டுமிராண்டி என்று. அவன் முறை பார்த்துத்தான் சொல்லியிருக்கிறான். என் முறையை.

உங்கள் ஊரில் என்ன சொல்வார்கள் என்றேன். ஒன்றும் சொல்ல மாட்டோம், திரும்பிப் பார்க்காமல் போவோம் எங்கள் வீட்டில் என்றான். இங்கே அப்படிப் போனால் மரியாதை இல்லை என்று பயந்தேன் என்றான்.

வெள்ளிக்கிழமை அவனையும் வரச் சொல்லியிருக்கிறார்களாம். எதற்கு என்று தெரியாது அவனுக்கு. எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவன் என் கண்ணையே பார்த்தான், நான் புறப்படும்போது என்ன சொல்வது என்று தெரியாமல் வாயைத் திறந்து மூடினான்.

ஜூலை 17, வியாழன்

பீடி சுற்றவில்லை. அரிசி, காய் எல்லாம் உன் சித்தப்பா இறக்கிவிட்டார், சனிக்கிழமை விசேஷத்துக்கு. ஐம்பது பேர். நாளைக்கு என்ன சொல்ல வேண்டும் என்று ரெண்டு தடவை சொல்லிக்கொடுத்தார். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி திருப்பிச் சொன்னேன். "சாவியை அவன் கையில் கொடுத்ததைப் பார்த்தேன்."

சரளமாக வருகிறது. பயமாக இருக்கிறது.

உன் பையில் இருந்தது: சட்டை 2, சீப்பு, பல் விளக்கும் பிரஷ், கடையின் பழைய பில் புத்தகம். அதன் பின்பக்கம் உன் கையெழுத்தில் தமிழ் வார்த்தை, பக்கத்தில் அவன் பாஷை. தண்ணி. பசி. வலிக்குது. மெதுவா.

ஜூலை 18, வெள்ளி

மழை இல்லை. புழுக்கம். பத்து மணிக்கு ஸ்டேஷன். பெஞ்சில் ஒரு ஓரம் நான், மறு ஓரம் அவன். அவனுக்குத் துணைக்கு அண்ணாச்சி. எனக்குத் துணைக்கு உன் சித்தப்பா, மீசையைத் தடவிக்கொண்டு.

வாக்குமூலம் எழுதுகிற போலீஸ்காரர் சின்னப் பையன் மாதிரி இருந்தார். அம்மா, யார் ஓட்டியது, பார்த்தீர்களா என்றார்.

"என் மகன்தான் ஓட்டுனான். அவன் வண்டியை எனக்கே தொடக் குடுக்க மாட்டான். ஹெல்மெட்டும் போடல."

சொல்லிவிட்டேன். உன் பேரைக் காகிதத்தில் நானே எழுத வைத்துவிட்டேன். அந்த நேபாளிக்காக இல்லை. அவனை எனக்கு இப்போதும் பார்க்கப் பிடிக்கவில்லை. நீ ஓட்டினாய், அதனால் சொன்னேன்.

உன் சித்தப்பா வெளியே போய்க் கத்தினார். மதினியாவது மயிராவது, இனி உன் வாசப்படி மிதித்தால் நான் ஒருத்தனுக்குப் பிறக்கவில்லை, அந்த நேபாளியை அருவாளால் கொத்தாமல் விட மாட்டேன் என்று. மெட்ராஸ்காரன் சும்மா சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டேன். நாளைக்கு விசேஷத்துக்கு யாரும் வர மாட்டார்களாம். ஐம்பது பேருக்கு அரிசி கிடக்கிறது.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருக்கும்.

என்னிடம் கேட்ட பிறகு அவனிடம் கேட்டார் அந்தப் பையன். விழுந்தது ஆறு மணிக்கு முன்னால், ஆஸ்பத்திரிக்கு வந்தது ஆறரை தாண்டி, நடுவில் என்ன செய்தாய் என்று. அவன் என்னைப் பார்த்தான். நான் வெளியே போய்விடுவேன் என்று எதிர்பார்த்திருப்பான். போகவில்லை.

ஆயிரப்பேரி ரோட்டு வளைவில் விழுந்தீர்களாம். பல்லாரி ரோடு பூராவும். ரெண்டு போனும் வயல் தண்ணீரில். இவன் ஒரு கை தொங்க, ரத்தத்தோடு, நடு ரோட்டில் நின்று மறித்திருக்கிறான். சீசன் நேரம், வண்டிக்குக் குறைவா. கார், வேன், ஆட்டோ. மெதுவாக வந்து, இவன் மூஞ்சியைப் பார்த்து, ஒதுங்கிப் போயிருக்கிறார்கள். ஒரு வேன் நின்றதாம். கண்ணாடியை இறக்கி போனில் படம் எடுத்தார்களாம். உள்ளேயிருந்து ஒருத்தன் சொன்னதை அப்படியே சொன்னான் அவன், உன்னிடம் கற்ற தமிழில்.

"நேபாளி தண்ணியப் போட்டுட்டு ஆடுதான், எடுல வண்டிய."

அரை மணி நேரம். கடைசியில் பால் கொண்டுபோகிற ஒரு பெரியவர் நின்றிருக்கிறார். அவருக்குக் கண் சரியாகத் தெரியாதாம்.

இதைச் சொல்லும்போது அவன் அழுதான். பல்லாரி எதுவும் இல்லை அங்கே.

வேனில் வந்தவன் யாரோ தெரியாது. தெரிந்தால் அவன் நாசமாய்ப் போக என்று மண்ணை வாரித் தூற்றுவேன். ஆனால் அந்த ஆட்டோவில் நான் இருந்திருந்தால் நிறுத்தச் சொல்லியிருப்பேனா? மாட்டேன். நேபாளி, குடித்திருக்கிறான், நமக்கு எதற்கு, போப்பா என்றுதான் சொல்லியிருப்பேன்.

நீ அவன் மடியில் கிடந்தாயாம். நினைவு இருந்ததா என்று அந்த எழுதுகிறவர் கேட்டார். அவன் தரையைப் பார்த்தான். தெரியாது சார் என்றான். பொய் சொல்கிறான் என்று எனக்குப் படுகிறது. எனக்காகச் சொல்கிறான்.

ஒவ்வொரு வண்டியும் மெதுவாகி மெதுவாகிப் போனதே, அந்தச் சத்தமெல்லாம் உனக்குக் கேட்டுதா சுண்டு?