சொந்தக் கையெழுத்து

சூலூர்
20-11-99

மஸ்கட்டில் இருக்கும் என் மகன் கோவிந்தராஜுலுவுக்குப் பெருமாள் கிருபையால் ஆயுசு நூறாகட்டும். இங்கே நான், உன் மனைவி வரலட்சுமி, குழந்தை ஹர்ஷிணி மூன்று பேரும் நலம். எருமையும் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப் போவதில்லை. போன மாதம் நீ போட்ட கடிதம் ஒன்றரைப் பக்கம், அதில் ஒரு பக்கம் அங்கே அடிக்கிற வெயிலைப் பற்றி.

கையெழுத்தைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும். எட்டு மாதம் கழித்து நானே பேனா பிடித்திருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் தோள்வலியைக் குற்றம் சொல்லாதே. அஞ்சாவது படிக்கும்போதும் இப்படித்தான் எழுதினேன், அப்படியும் எனக்குத்தான் வகுப்பில் முதல் மார்க்கு.

இந்த எட்டு மாதமும் நான் சொல்லச் சொல்ல வரலட்சுமிதான் உனக்கு எழுதினாள். அதில் எனக்கு எவ்வளவு கஷ்டம் தெரியுமா? அவளைப் பற்றி ஒரு குறைகூட எழுத முடியவில்லை. எழுதுகிறவளே அவள் என்றால் எப்படிச் சொல்வது? போனில் சொல்லலாம் என்றால் அது பக்கத்து வீட்டுப் போன், சுற்றிலும் நாலு பேர் காது. எல்லாம் சேர்ந்து நெஞ்சில் அடைத்துக்கொண்டு கிடக்கிறது.

என் வலது கை காதுக்கு மேலே போகாமல் நின்ற நாளிலிருந்து அவள்தான் எனக்குத் தலை வாரி விடுகிறாள். கொண்டையைப் பிடரியில் தொங்க விடுகிறாள். இரண்டு ஊசி போதும் என்றால் ஆறு குத்துகிறாள். அறுபத்து மூன்று வயது வரை என் தலையை இன்னொருத்தர் கைக்குக் கொடுத்தவள் இல்லை நான். குழம்பில் உப்புக் கிடையாது. கேட்டால், "பிரஷர் இருக்குதுங்க அத்தை" என்கிறாள். ஊறுகாய் ஜாடியைத் தூக்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டாள். எனக்குக் கை எட்டாது என்று தெரிந்தே வைத்தாள். இது அக்கிரமமா இல்லையா, நீயே சொல்.

தோளுக்கு வருகிறேன். முதலில் பார்த்த டாக்டர் எக்ஸ்ரே எடுத்து, நார் போய் எலும்பில் சேருகிற இடத்தில் துவரம்பருப்பு அளவுக்குச் சுண்ணாம்பு படிந்திருக்கிறது என்றார். வெற்றிலையே போடாதவளுக்குச் சுண்ணாம்பு எங்கிருந்து வந்ததுங்க என்று கேட்டேன். அவருக்குச் சிரிக்கத் தெரியவில்லை. இரண்டு ஊசி போட்டார், ஒரு மாதம் கேட்டது, மறுபடி வந்துவிட்டது. கிழித்துத்தான் எடுக்க வேண்டும் என்றார். உன்னை வீட்டிலேயே பெற்றவள் நான், என் மேல் கத்தி பட்டதில்லை, இனியும் படாது என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

உன் மனைவி சும்மா இருந்தாளா? என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் எக்ஸ்ரேவை எடுத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, ஆர்.எஸ்.புரத்தில் அரங்கசாமி என்று ஒரு எலும்பு டாக்டரிடம் காட்டிவிட்டு வந்திருக்கிறாள். கிட்னிக் கல்லை வெளியே இருந்தபடியே உடைக்கிற மெஷின் இருக்கிறதே, அதே மாதிரி அதிர்வைத் தோளுக்கு அளவாகக் கொடுத்தால் வலி குறையும், சுண்ணாம்பும் கரையலாம், அறுக்க வேண்டாம், ஆஸ்பத்திரியில் தங்கவும் வேண்டாம் என்றாராம். ஷாக் வேவ் என்று பெயர். ஜெர்மனிக்குப் போய்ப் பார்த்துப் படித்துவிட்டு வந்தவராம். பல்லடத்திலிருந்து வந்திருந்த உன் மாமன் ராமுலு இதைக் கேட்டுவிட்டு, "ஏனக்கா, தார் ரோடு ஒடைக்கறவனக் கூப்புட்டா இன்னும் சல்லிசா முடியுமே" என்கிறான். கோழிப்பண்ணை வைத்திருக்கிறவனுக்கு வாயைப் பார்.

ஆவணியில் வாரத்துக்கு ஒரு தடவை என்று மூன்று தடவை போனேன். படுக்க வைத்து, தோளில் வழவழவென்று எதையோ தடவி, தண்ணீர்ப் பை மாதிரி ஒன்றை வைத்து அழுத்தினார்கள். அப்புறம் டக், டக், டக் என்று மரங்கொத்தி கொத்துகிற மாதிரி. அதுவும் எங்கே வலிக்கிறதோ சரியாக அங்கேயே. ஆயிரத்தைந்நூறு அடி என்று டாக்டர் சொன்னதால் பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணினேன். ஆயிரத்து நானூற்று அறுபதில் நிறுத்திவிட்டார்கள். இன்னும் நாற்பது இருக்குதுங்களே என்று கேட்டால் அந்த நர்ஸ் பெண், "மெஷின்லயே நெம்பர் ஓடுதுங்கம்மா. நடுவுல மொனகுனீங்கல்ல, அப்ப நாப்பது உட்டுப்போட்டீங்க" என்கிறாள். நான் முனகவே இல்லை. வேண்டுமானால் வரலட்சுமியைக் கேள். வேண்டாம், கேட்காதே.

வீட்டுக்கு வந்தால் வலி முன்னைவிட அதிகம். இரண்டு மூன்று நாள் அப்படித்தான் இருக்கும் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். சொல்லிவிட்டால் வலிக்காதா? அவரைத் திட்டினேன், மெஷினைத் திட்டினேன், கூட்டிக்கொண்டு போனவளையும் திட்டினேன். அவள் பக்கத்து வீட்டு பிரிட்ஜிலிருந்து ஐஸ் வாங்கி வந்து துணியில் சுற்றி வைத்துக்கொண்டே இருந்தாள். அவள் பதில் பேசாமல் இருப்பதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட எரிச்சல்.

இரண்டாவது தடவை போய்விட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் அவளிடம் ஒன்று கேட்டுவிட்டேன். என் கையைச் சரி பண்ணிப்போட்டு மஸ்கட்டுக்கு மூட்டை கட்டலாம் என்று பார்க்கிறாயா என்றேன். "கை நல்லானாலும் நீங்க போன்னு சொன்னாத்தானுங்க அத்தை நான் போவேன். வலியில நீங்க எந்திரிச்சு எந்திரிச்சு உக்கார்றதப் பாத்துட்டு எனக்குத் தூக்கம் வர்றதில்லீங்க. அதுக்குத்தானுங்க கூட்டியாந்தேன்" என்றாள். உடனே நான் கண்டக்டரிடம் சில்லறைக்குச் சண்டை போட்டேன்.

பங்குனியில் நீ எழுதியிருந்தாய், நினைவிருக்கிறதா? கம்பெனி வீடு கொடுக்கிறது, குடும்பத்துக்கு விசா வாங்கட்டுமா என்று. அதற்கு வந்த பதிலைப் பெட்டியில் வைத்திருந்தால் எடுத்துப் பார். 'என் கை நன்றாகிற வரைக்கும் வரலட்சுமியை அனுப்பத் தோதுப்படாது. விசா வாங்க வேண்டாம்.' வார்த்தை என்னுடையது, கையெழுத்து அவளுடையது. என் எதிரில் உட்கார்ந்து, தலை நிமிராமல், ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் எழுதினாள். எழுதி முடித்து, "அவ்வளவுதானுங்களா அத்தை, இன்னும் ஏதாச்சும் எழுதோணுங்களா" என்று கேட்டாள். அவ்வளவுதான் என்றேன். உறையை ஒட்டி, பால்சொசைட்டிக்குப் போகிற வழியில் அவளே தபால்பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள்.

இனி எழுதப் போவதை யாரிடமும் சொல்லாதே. தீபாவளியன்று சாயங்காலம் அவளும் குழந்தையும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். உப்பில்லாத சாப்பாட்டில் வெறுத்துப்போய் அலமாரியின் மேல்தட்டுக்குக் கையை நீட்டினேன். ஊறுகாய் ஜாடி கையோடு வந்துவிட்டது. வலது கையில். வலி இல்லை என்று சொல்ல மாட்டேன், ஒரு சின்னப் பிடிப்பு, அவ்வளவுதான். ஒரு துண்டு எடுத்துக்கொண்டு ஜாடியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

சுவரில் விரலால் மேலே ஏறிப் பழக வேண்டும் என்று டாக்டர் சொன்னதால் சமையலறைச் சுவரில் ஹர்ஷிணி சாக்பீஸால் தினமும் கோடு போடுகிறாள். பதிமூன்று நாளாக நான் ஒரே கோட்டில் நிறுத்திக்கொண்டிருக்கிறேன். "அவ்வா, நீங்க ஏமாத்தறீங்க, கோட்டுக்கு மேல ஏறவே மாட்டீங்கறீங்க" என்று நேற்று அது கையை இடுப்பில் வைத்துக்கொண்டு திட்டுகிறது. குழந்தைக்குத் தெரிந்திருக்கிறது. அதன் அம்மாவுக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனாலும் இன்று காலையும் சீப்பை எடுத்துக்கொண்டு வந்து என் பின்னால் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன்.

வருகிற புதன்கிழமை மறுபடி எக்ஸ்ரே எடுக்கிறார்கள். அரங்கசாமி டாக்டர் விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு ஊரைக் கூட்டிச் சொல்வார். அவர் சொல்லி நான் ஒப்புக்கொண்டேன் என்று இருக்கக் கூடாது. அதனால்தான் முந்திக்கொண்டு எழுதுகிறேன்.

விசா வாங்கு. குழந்தைக்கு அப்பா என்றால் பக்கத்து வீட்டுப் போன் என்று ஆகிவிட்டது. நான் சொன்னேன் என்று எழுதாதே, நீயாகக் கேட்கிற மாதிரி அவள் பேருக்கு எழுது. போ என்று அவளிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். என்னைப் பற்றிக் கவலைப்படாதே, ராமுலு வாரம் ஒரு தரம் வந்து வாயாடிவிட்டுப் போகிறான், பால் கறக்க ஆள் இருக்கிறது, கொண்டை போட்டுக்கொள்ள எனக்குத் தெரியும். அங்கே அவளிடம் குழம்பில் உப்பு இல்லை என்று மட்டும் வாய் திறந்துவிடாதே.

பங்குனியில் வந்த அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. இதை வைத்துக்கொள்.

மூன்று பேரும் ஒரே வீட்டில் விளக்கேற்றி நன்றாக இருங்கள். உன் கடிதம் வந்து சேரப் பத்து நாள் ஆகும். அதுவரைக்கும் அவளே எனக்குத் தலை வாரட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
பங்காரம்மா