ஒரே வயிற்றுப் பிள்ளைகளும் ஒரே மாத்திரையும்

கண்டமங்கலம்

அன்பு மகன் ஆஸ்வினுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் கருணையால் நீயும் மருமகள் ஜெசியும் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் ஆசை, உன் அப்பா விட்டால்தானே. போனில் பேசினால் பக்கத்தில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொள்கிறார், அதனால்தான் இதை எழுதிப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்.

அப்பாவுக்குக் கொழுப்பு கூடியிருக்கிறது என்று விழுப்புரம் டாக்டர் சின்ன பவரில் ஒரு மாத்திரை கொடுத்திருந்தார். உன் திண்டிவனம் பெரியப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தபிறகு அதே மாத்திரையைப் பெரிய பவரில் கொடுத்தார்கள், அவருக்குக் கொழுப்பு நன்றாக இறங்கிவிட்டது. உடனே இவர் தன் மாத்திரையைப் பரணில் போட்டுவிட்டு, அண்ணனுடைய அட்டையை வாங்கிவந்து விழுங்க ஆரம்பித்துவிட்டார். கேட்டால், "ஒரே வயித்துல பொறந்தோம், அண்ணனுக்குக் கேக்குறது எனக்குக் கேக்காதா" என்கிறார். வேட்டி சட்டையை மாற்றிக் கட்டுகிற மாதிரி மாத்திரையிலுமா பங்கு? போன மாதம் பூசையில் முழந்தாளிட்டவர் எழுந்திருக்க முடியாமல் தவித்தார், தொடையெல்லாம் அப்படி ஒரு வலி. நான்தான் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு ஓடினேன்.

டாக்டர் சென்னைக்கு ரத்தம் அனுப்பி மரபணு சோதனை செய்து பார்த்தார். அப்பாவின் உடம்பு வாகுக்கு அந்த மருந்தை ஈரல் சட்டென்று இழுத்துக்கொள்வதில்லையாம், ரத்தத்திலேயே தங்கிச் சதையைப் பிடிக்கிறதாம். கூடப் பிறந்தவர்களுக்குள்ளேயே இது மாறும் என்று பொறுமையாகச் சொல்லி வேறு மாத்திரை எழுதினார். உன் அப்பாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "என்னையும் அண்ணனையும் பிரிச்சுப் பேசிக்கினு இருக்காரு, அந்தாளு மாத்திரையே வாணாம்" என்று பிடிவாதம். அதோடு போனதா? விஷயம் திண்டிவனத்துக்கு எட்டி, "தம்பிக்கு ஆவாதது எனக்கும் வாணாம்" என்று பெரியப்பாவும் மாத்திரையை நிறுத்திவிட்டார்! ஸ்டென்ட் வைத்த மனுஷன் செய்கிற காரியமா இது? பெரியம்மா போனில் அழுகிறார். இந்த இரண்டு பேரோடும் மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை, பயமாக இருக்கிறது கண்ணு.

உனக்கும் அப்பாவின் வாகு வந்திருக்கலாமாம், என்றைக்காவது கொழுப்புக்கு மாத்திரை எழுதினால் இதை அந்த டாக்டரிடம் மறக்காமல் சொல். இப்போது முதல் வேலையாகப் பெரியப்பாவைக் கூப்பிடு, நீ சொன்னால் தட்டமாட்டார். அவர் போட்டுக்கொண்டால் அப்பாவும் டாக்டர் புதிதாக எழுதியதைப் போட்டுக்கொள்வார். அவர்கள் கூடப் பிறக்கவில்லை என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. அண்ணன் தம்பியாக இருக்க இரண்டு பேரும் உயிரோடு இருக்க வேண்டாமா என்று கேள்.

ஆண்டவர் உங்கள் இருவரையும் காக்கட்டும்.

உன் அம்மா
பாக்கியமேரி