வெள்ளிக்கிழமை மெனு

பங்குனி, வியாழக்கிழமை.

எங்கள் கேட்டரிங் கம்பெனிக்கு முதலாளி புதிதாகக் கொண்டுவந்த மலையாளி மேனேஜர் இன்று எல்லார் முன்னாலும் என் மெனு நோட்டை மூடி வைத்தான்.

"கம்பெனி வளரணும்னா ஆளை நம்பக்கூடாது அக்கா, சிஸ்டத்தை நம்பணும். நீங்க சமையல் மட்டும் பாத்தா மதி, அது போதும், கேட்டோ."

"சரி சார்" என்றேன்.

அவன் சிஸ்டத்தில் எல்லா வெள்ளிக்கிழமையும் சிக்கன் பிரியாணி. நாங்கள் சாப்பாடு அனுப்பும் விழிஞ்ஞம் துறைமுகத் தொழிலாளர்கள் பெரும்பாலும் கிறிஸ்தவர்கள். தவக்கால வெள்ளியில் இறைச்சி தொடமாட்டார்கள். அவன் மூடிய நோட்டின் முதல் பக்கத்திலேயே அது இருக்கிறது.

கோழிக்கு மசாலா நானே பிசைந்து வைத்துவிட்டு வந்தேன். நாளை பொட்டலங்கள் பிரிக்காமல் திரும்பி வரும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

பசியோடு வேலை செய்யப்போவது அவர்கள்தான், அவனல்ல என்று இப்போது தோன்றுகிறது.

தோன்றிவிட்டுப் போகட்டும்.