ஒரு பல் தள்ளி மாட்டிய ஷாஃப்ட்

தம்பிக்கு,

'அன்புள்ள' என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை, விட்டுவிட்டேன். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. எனக்குத்தான் வயிறு எரிகிறது.

நம் பழைய வேனைப் பற்றித்தான் எழுதுகிறேன். நீ வெளிநாடு கிளம்பும் அவசரத்தில், கியர் பாக்ஸிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டைக் கழற்றி மாட்டினாயே, அதிலிருந்து கொஞ்சம் வேகமெடுத்தாலே வண்டி உதறியது. கியர் பாக்ஸ் பின்னால் ஆயில் சொட்டியது. ஆயில் ஒழுகாமல் அடைக்கும் சீலை மாற்றினோம், மறுபடியும் சொட்டியது. போனில் அப்பாவிடம் நீ என்ன சொன்னாய்? "அக்காவுக்கு கிளட்ச் மிதிக்கத் தெரியல, வண்டியப் போட்டுக் கொல்றா." ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்! அப்பா சாவியைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நான் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போன பிள்ளைகள் இப்போது வேறு வண்டியில் போகிறார்கள். என் பிழைப்பில் மண்.

விடுவேனா? வண்டி அடியைத் துடைத்து, என் முகப் பவுடரைத் தூவி, ரிப்பேருக்கென்று அப்பாவிடம் சாவி வாங்கிவந்த பட்டறைக்காரரை ஓட்டச் சொன்னேன். ஷாஃப்ட் நுழைகிற வாயில் மட்டும் பவுடர் நனைந்திருந்தது. "புது சீல் ஏன் கிழியுது? ஷாஃப்டப் பாருங்க" என்றேன். இருவரும் அடியில் படுத்துப் பார்த்தோம். பல்லோடு பல் பொருந்த ஒன்றுக்குள் ஒன்று செருகும் இரண்டு துண்டையும் ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கிறாய். முனைகள் நேராக இல்லை. அந்த உதறல்தான் சீலைத் தின்றிருக்கிறது. கழற்றுமுன் இரண்டு துண்டிலும் சேர்த்துச் சாக்பீஸால் ஒரு கோடு கிழிக்கக்கூடவா உனக்கு நேரமில்லை?

நேராக்கி, புது சீல் போட்டோம். இப்போது உதறல் இல்லை. அடியில் விரித்த பேப்பரில் ஒரு சொட்டு இல்லை. அதைக் காட்டினால் அப்பா சொல்கிறார், "அவன் கை வெச்ச வேலையில தப்பு வராது. பட்டறைக்காரன் உன்ன ஏமாத்துறான்." வந்த ஆத்திரத்தில் ஸ்பேனரை விட்டெறிந்தேன். அவர் காலருகே விழுந்தது. அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை.

என்னிடம் நீ மன்னிப்புக் கேட்க வேண்டாம், அதை வைத்து நான் என்ன செய்ய? அடுத்த முறை போன் செய்யும்போது அப்பாவைக் கூப்பிடு. "நான்தான் தப்பா மாட்டினேன்" என்று அவர் காதில் சொல். நான் சொன்னால் ஏறாது. நீ சொன்னால் ஏறும். சாவி மறுபடியும் அவர் சட்டைப் பையில்தான் இருக்கிறது. தூங்கும்போதும் அவர் சட்டையைக் கழற்றுவதில்லை.

வேளைக்குச் சாப்பிடு. உண்மையைச் சொல்லிவிட்டு நல்லா இருடா.

இப்படிக்கு,
வண்டி ஓட்டத் தெரிந்த
உன் அக்கா